கையெழுத்துக்கு மேலே காலி இடம்

பிப்ரவரி 7, வெள்ளி

லைப்ரரி பூட்டி இருந்தது. ஏன் இருக்காது? வெள்ளிக்கிழமை லைப்ரரிக்கு வார விடுமுறை. எனக்கும் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. எப்பவோ கரண்ட் தட்டுப்பாடு காலத்தில் எங்கள் கம்பெனிக்கு வெள்ளி என்று வைத்தார்களாம். கரண்ட் வந்துவிட்டது, வெள்ளி போகவில்லை. மற்ற நாளில் கம்பெனி பஸ் என்னைப் புதுவாயல் கூட்ரோட்டில் இறக்கிவிடும்போது மணி ஆறு பத்து. லைப்ரரி மூடுவது ஆறு மணிக்கு. லைப்ரேரியன் ராஜமாணிக்கம் சார் பூட்டைப் போட்டுவிட்டுப் பெரியபாளையம் ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருப்பார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொள்வார், பாவம்.

ரெண்டு வருஷமாக நான் உறுப்பினர். திறந்து பார்த்தது நாலே நாலு தடவை. நாலும் வயிற்றுவலி என்று பொய் சொல்லி லீவு போட்ட நாள்.

ஜூன் முப்பதோடு காண்ட்ராக்ட் முடிகிறது. மறுபடி போடுவார்களா, தெரியாது. கம்பெனியில் நான் வேலை செய்கிற ஒயர் கட்டும் லைனில் முப்பது தாண்டின பொம்பளைகள் என்று எண்ணினால் நானும் இன்னும் ரெண்டு பேரும்தான். ஜூலையில் சர்க்கார் வேலைக்கான குரூப் ஃபோர் பரீட்சை. வீட்டில் அம்மா, அண்ணன் அன்பு, அண்ணி, ரெண்டு வாண்டு, ஒரு டிவி, எல்லாத்துக்கும் ஒரே ரூம். நான் கேட்பது ஒரு மேஜை, ஒரு ஃபேன், ஒரு டியூப்லைட், தினம் ரெண்டு மணி நேரம். அது அத்தனையும் கூட்ரோட்டில் இருக்கிறது. பூட்டுக்கு அந்தப் பக்கம்.

பிப்ரவரி 12, புதன்

ஆட்டோ நிற்கும் இடத்தில் சார் தானாக வந்து பேசினார். மாவட்ட ஆபீசிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். வாசகர் வட்டத்தைக் கலைத்துவிட்டுப் புதிதாக அமைக்க வேண்டும். கலைப்பதற்கு ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது.

"ஏழு பேரும்மா. அதுல மூணு பேர் காலமாயிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, இன்னிக்கு வரைக்கும் பதவில இருக்காங்க."

புது வட்டத்தில் ரெண்டு பெண்கள் இருக்கணுமாம். எல்லாரும் உறுப்பினர் அட்டை வைத்திருக்கணுமாம். ஊரில் அட்டை வைத்திருக்கிற பெண் நான் ஒருத்திதான் போல. லைப்ரரி நேரத்தை மாற்ற யாருக்கு அதிகாரம் என்று கேட்டேன். "மாவட்ட ஆபீசுக்கு. ஆனா அவங்க வட்டத்தோட தீர்மானம் வேணும்பாங்க. ஒருமனதா இருந்தா கேள்வியே கேக்க மாட்டாங்க" என்றார்.

சேர்ந்துட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

லைப்ரரி இன்று திறந்திருந்தது! வெள்ளிக்கிழமை! வட்டம் அமைக்கும் கூட்டத்துக்காக. வாசகர்களுக்கு இடைஞ்சல் இருக்கக் கூடாதாம், அதனால் வாசகர்கள் வராத நாளில் வைத்தார்களாம். இனி எல்லாக் கூட்டமும் வெள்ளிதான்.

வாசலில் பேனர். தலைவர் ஆதிகேசவன் அண்ணன் கைகூப்பி நிற்கிறார். தண்ணி லாரி ஓட்டுகிறவர், நாலு லாரி, ரெண்டு கடை, ஊரில் எந்தக் கமிட்டி என்றாலும் அவர்தான். தேர்தல் பதினோரு மணிக்கு. பேனர் நேற்றே கட்டியாச்சு. பேனரில் "தலைவர்" என்று போட்டிருந்ததால் தேர்தல் சீக்கிரம் முடிந்தது.

ஒரே சிக்கல், அவருக்கு அட்டை இல்லை. முகவரிச் சான்று கேட்டார் சார். "இன்னா சார், என் அட்ரஸு உனுக்குத் தெரியாதா?" என்று சிரித்தார் அண்ணன். அங்கேயே ஃபாரம், அங்கேயே அட்டை. அட்டை வந்தால் புத்தகம் எடுக்கணுமே. அலமாரியிலேயே தடியாக இருந்ததை எடுத்து மார்போடு பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டார். அது சித்த மருத்துவ அகராதி, இரண்டாம் பாகம்.

துணைத் தலைவர் சுப்பராயன் சார். கரண்ட் ஆபீசில் ரிட்டயர் ஆனவர். இந்த ஏழு பேரில் தினமும் லைப்ரரிக்கு வருகிற ஒரே ஆள். மூணரையிலிருந்து ஆறு வரை ஃபேனுக்கு நேர்கீழே உட்கார்ந்து பேப்பரை விளம்பரம் விடாமல் படிப்பார். இன்னொரு பெண் உறுப்பினர் தலைவரின் மனைவி கங்கம்மாள் அக்கா. வரவில்லை, அவருக்கும் ஒரு அட்டை போட்டு, கையெழுத்துக்குத் தீர்மானப் புத்தகம் வீட்டுக்குப் போய்விட்டு வந்தது. மீதி மூணு பேர் எதற்கு என்றால், தலையாட்ட.

எனக்குச் செயலாளர் பதவி. "பாப்பா எழுத்து முத்து முத்தா கீதே" என்றார் அண்ணன். பதவி என்றால் தீர்மானப் புத்தகம் எழுதுவது, டீ சொல்வது.

பிப்ரவரி 22, சனி

லைனில் எனக்குப் பக்கத்தில் நிற்கிற ஸ்நேகாவிடம் சொன்னேன். "செயலாளரா? இன்னாடி, சைரன் வெச்ச கார்லாம் குடுப்பாங்களா?" என்று ஒயரில் டேப்பைச் சுற்றிக்கொண்டே சிரித்தாள். அவளும் பரீட்சைக்கு அப்ளை பண்ணப் போகிறாள். ஹாஸ்டல் ரூமில் எட்டுப் பேர்.

மார்ச் 14, வெள்ளி

முதல் கூட்டம். இப்படித்தான் நடந்தது: பஜ்ஜி வந்தது. டீ வந்தது. போட்டோ எடுத்தார்கள். தலைவருக்குக் காதுகுத்துக்குப் போகணும், எழுந்தார். தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, பக்கத்தின் அடியில், மேலே மொத்தமும் வெள்ளையாக இருக்கும்போதே கையெழுத்துப் போட்டார். அவர் போட்டதும் எல்லாரும் வரிசையாகப் போட்டார்கள். சுப்பராயன் சார் உட்பட.

"அண்ணா, மேல ஒண்ணுமே இல்லியே?"

"அத்த நீ எழுதிக்கோ பாப்பா. அதுக்குத்தான உன்ன போட்டுக்கீது."

நான் உள்ளது உள்ளபடி எழுதினேன். 'கூட்டத்தில் எதுவும் பேசப்படவில்லை.' ராஜமாணிக்கம் சார் பார்த்துவிட்டுப் பதறிப் போனார். "ஐயோ, அப்படி எழுதக் கூடாதும்மா! கூட்டம்னா தீர்மானம் இருக்கணும்." அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். தலைவருக்கு நன்றி. நூலக வளர்ச்சிக்குப் பாடுபடுவது. அடுத்த கூட்டத்தை அடுத்த மாதம் நடத்துவது. மூன்றும் ஒருமனதாக நிறைவேறின. என் ஒரு மனதாக என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. கம்பெனியில் நானும் அதைத்தானே செய்கிறேன்? ஆறு மாசத்துக்கு ஒரு தடவை காண்ட்ராக்டரின் ஆள் ஜோஷ்வா அண்ணன் பேப்பர் கொண்டுவருவார். அடியில் பென்சிலில் புள்ளி வைத்திருக்கும். புள்ளி மேல் கையெழுத்து. மேலே வெள்ளை. அஞ்சு வருஷமாகப் போடுகிறேன், ஒரு தடவை கேட்டதில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று கேட்டேவிட்டேன். பஜ்ஜி வருவதற்கு முன்பே. காலை நேரம் அப்படியே இருக்கட்டும், சாயங்கால நேரத்தை மட்டும் அஞ்சரையிலிருந்து எட்டரை வரை ஆக்கணும், வார விடுமுறையை வெள்ளியிலிருந்து திங்களுக்கு மாற்றணும், கம்பெனிக்குப் போகிறவர்கள் அப்போதுதான் வர முடியும் என்று. ரெண்டு நாள் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்ததைத் தப்பில்லாமல் சொல்லி முடித்தேன்.

தலைவர்: "செஞ்சிடலாம்." (அவர் எதற்கும் 'செஞ்சிடலாம்' சொல்வார். போன மாதம் வெளியில் யாரோ லைப்ரரிக்கு ஏசி கேட்டதற்கும் சொன்னார்.)

சுப்பராயன் சார் பேப்பரை மடித்தார். "இருட்டுன அப்புறம் பொம்பளப் பசங்களுக்கு லைப்ரரில இன்னா வேல? ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

செகண்ட் ஷிப்ட் முடித்து எங்கள் கம்பெனிப் பெண்கள் கூட்ரோட்டில் இறங்குகிறபோது கேட்காத கேள்வி இது! தினமும் ரெண்டு பஸ் நிறைய இருட்டில் இறங்குகிறார்கள், ஏதாச்சும் ஆனால் யார் பதில் சொல்வதாம்? இதையெல்லாம் அங்கே சொன்னேனா? எங்கே! "இல்ல சார்... பரீட்சைக்கு..." என்று மென்று முழுங்கினேன். சாருக்குப் பெண்கள் மேல் அக்கறையெல்லாம் இல்லை, அந்த ஃபேன் நேரம் மேல் அக்கறை. நேரம் மாறினால் மூணரை மணிக்கு எங்கே போவார்?

அதற்குள் பஜ்ஜி வந்துவிட்டது. பேச்சு மிளகாயா வாழைக்காயா என்று போனது. தலைவர் கையெழுத்துப் போட்டார். எல்லாரும் போட்டார்கள். "எழுதிக்கோ பாப்பா."

புத்தகம் இப்போது என் பையில் இருக்கிறது. ஆறு கையெழுத்து. மேலே இருபத்திநாலு வரி காலி. எண்ணிப் பார்த்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

எழுதிட்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

விவரமாக எழுதி வைக்கிறேன். தலைவர் 'செஞ்சிடலாம்' என்றார், அது உண்மை. நான் முன்மொழிந்தேன், உண்மை. நேரம், கிழமை, காரணம், எல்லாம் உண்மை. ஒரே ஒரு சொல் பொய். 'ஒருமனதாக.' அந்தச் சொல்லுக்கு மட்டும் அரை மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'பெரும்பான்மை' என்று போட்டால் ஆபீஸ்காரன் யார் எதிர்த்தது என்று கேட்பான்.

ஆட்டோ நிற்கும் இடத்தில் ராஜமாணிக்கம் சாரிடம் காட்டினேன். அவர்தானே கஷ்டப்படப் போகிறவர், எட்டரைக்குப் பூட்டிவிட்டு ஆட்டோ பிடிக்கணும். ரெண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் கூட்டத்துல டீ ஊத்திகினு இருந்தேன்மா. எனக்கு எதுவும் காதுல விழல" என்று சொல்லி, பூட்டை மறுபடி திறந்து முத்திரை குத்தினார்.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

மூணு மணி நேர ஆராதனை. பொய் சாட்சி பற்றிப் பாஸ்டர் ஒரு வார்த்தைதான் சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னது போல இருந்தது. அம்மா தோளை இடித்து "இன்னாடி நெளியற?" என்றாள்.

மே 9, வெள்ளி

வந்துடுச்சு! ஆபீஸ் உத்தரவு! வட்டத்தின் ஒருமித்த தீர்மானத்தை ஏற்று, வரும் பதிமூணாம் தேதி முதல்... மாலை 5.30 முதல் 8.30 வரை... வாரத்தில் திங்கள் விடுமுறை... கீழே ஒரு பாராட்டு வேறு. தொழிலாளர்களை நினைத்துப் பார்த்த முதல் வட்டமாம்.

ஸ்நேகாவுக்கு போன் பண்ணினேன், ரெண்டு பேரும் கத்தினோம். அண்ணி டிவியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

மே 13, செவ்வாய்

ஆறு பதினைந்துக்கு உள்ளே போனேன். டியூப்லைட் எரிந்தது. ஒன்பது பேர் வந்திருந்தோம், எல்லாரும் யூனிபார்மோடு. யாரும் யாரோடும் பேசவில்லை. அறிவியல் மூணு பாடம் முடித்தேன்.

மே 16, வெள்ளி

முழு நாள் உட்கார்ந்தேன். லைப்ரரிக்குப் பின்பக்கம் ஒரு ஜன்னல் இருக்கிறது. இன்றைக்குத்தான் பார்த்தேன்.

மே 20, செவ்வாய்

கூட்ரோட்டில் புது பேனர். "தொழிலாளர் நலன் காக்க நூலக நேரத்தை மாற்றித் தந்த..." ஆதிகேசவன் அண்ணன் கையில் அதே சித்த மருத்துவ அகராதி. அதை இன்னும் திருப்பித் தரவில்லை என்று ராஜமாணிக்கம் சார் சொல்லிச் சொல்லி மாய்கிறார்.

பேனரைப் பார்த்துத்தான் சுப்பராயன் சாருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அவருக்கு மட்டும் எதையும் முழுசாகப் படிக்கிற வியாதி. காலையில் வந்து தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்திருக்கிறார். தன் கையெழுத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். வெள்ளிக்கிழமை அவசரக் கூட்டம்.

வயிற்றுவலி என்று போகாமல் இருந்துவிடலாமா? செயலாளர் நான், எழுத வேறு ஆள் இல்லை.

மே 23, வெள்ளி

சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம். இப்போது வெள்ளிக்கிழமை திறந்திருக்கிற நாள் என்பதே யாருக்கும் உறைக்கவில்லை. படிக்க வந்த பதினேழு பேர் வாசலில் நின்றார்கள், வட்டம் மேஜையில் உட்கார்ந்தது.

"நான் ஒத்துக்கல! நான் எதுத்துப் பேசினேன்! ஒருமனதாவாம்!" சுப்பராயன் சார் எழுந்து நின்று கத்தினார். "இந்தப் பொண்ணு மோசடி பண்ணிக்கீது!"

என்ன சொல்றது? பண்ணித்தானே இருக்கேன்? தலைவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாகத் தன் பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரத்து பண்ணணும். பழைய நேரமே வரணும்" என்றார் சார்.

"செஞ்சிடலாம்" என்றார் தலைவர்.

ஸ்நேகா வாசலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழுசா ரெண்டு வாரம்கூட இல்லியே, அதுக்குள்ள புடுங்கணுமா?

அப்போது பஜ்ஜி வந்தது.

கடவுளே, இதை எப்படி எழுதுவது? ஒரு மணி நேரம் கத்தினதில் எல்லாருக்கும் பசி. சாப்பிட்டார்கள். டீ குடித்தார்கள். தலைவருக்கு லாரி விஷயமாக போன் வந்தது. "பேஜாரு புடிச்ச பொழப்பு, தோ வந்துகினே கீறேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே புத்தகத்தை இழுத்து, புது பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். அவர் போட்டதும் மூணு பேர் போட்டார்கள். அவர்களுக்குப் பின்னால், கோபத்தில் பேனா கிழிகிற மாதிரி அழுத்தி, சுப்பராயன் சாரும் போட்டார்.

"ரத்துன்னு எழுது. புரியுதா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேலே இருபத்திநாலு வரி.

மே 24, சனி

'நேர மாற்றம் குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது. பதினேழு வாசகர்கள் நேரில் வந்திருந்தனர். முந்தைய தீர்மானம் மீண்டும் உறுதி செய்யப்பட்டது.'

'ஒருமனதாக' என்று மட்டும் இந்தத் தடவை எழுதவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் மனசாட்சி இருக்கு.

மே 27, செவ்வாய்

ஏழு மணிக்கு சுப்பராயன் சார் உள்ளே வந்தார். நான் எழுந்து நின்றேன். புத்தகத்தைக் கேட்டார், கொடுத்தேன். நின்றபடியே படித்தார். உட்கார இடம் இல்லை, ஃபேனுக்குக் கீழே ரெண்டு பேர் ஒரே நாற்காலியில்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். ஆபீசுக்குப் புகார் எழுதுவேன் என்றார். அப்புறம் அவரே நிறுத்தினார். யோசிக்கிறது முகத்தில் தெரிந்தது. புகாரில் என்ன எழுதுவார்? 'துணைத் தலைவராகிய நான் வெறும் பக்கத்தில் கையெழுத்திட்டேன், ஆறு வாரம் கழித்து இன்னொரு தடவையும் இட்டேன்' என்றா?

"முப்பத்தாறு வருசம் கரண்ட் ஆபீஸ்ல இருந்தேன்" என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி. "ஒரு காயிதம் படிக்காம கையெழுத்து போட்டதில்ல. இங்க லைப்ரரிதானே, இன்னா பெருசா இருக்கப்போவுதுன்னு..." போய்விட்டார்.

ஜெயித்துவிட்டேன். சந்தோஷமாக இல்லை.

ஜூன் 6, வெள்ளி

கூட்டம். ஆச்சரியம், சுப்பராயன் சார் ஒரே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இனிமேல் தீர்மானத்தை முதலில் எழுதணும். எழுதினதைச் சத்தமாகப் படிக்கணும். அதற்கப்புறம்தான் கையெழுத்து. பஜ்ஜி அதற்கும் அப்புறம்.

"செஞ்சிடலாம்" என்றார் தலைவர். "செஞ்சிடலாம் இல்ல, இப்பவே" என்றார் சார். எழுதினேன். படித்தேன். என் குரலில் அந்த அறையில் ஒரு தீர்மானம் கேட்டது அதுதான் முதல் தடவை. ஏழு பேரும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டோம். கங்கம்மாள் அக்காகூட நேரில் வந்து போட்டாங்க, பாதியில் "இன்னாது, மறுபடி சொல்லு" என்று கேட்டுவிட்டு.

நேரத்தைப் பற்றி சார் எதுவும் எடுக்கவில்லை. இவங்க நடத்தின கூட்டத்திலேயே உருப்படியான தீர்மானம் இது ஒன்றுதான். அதுவும் என்னை நம்பாமல் கொண்டுவந்தது. நான் பண்ணினது தப்பு, அவர் பண்ணினது சரி. பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஜூன் 19, வியாழன்

இருபத்திரண்டு பேர். புள்ளியியல் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

ஜூன் 30, திங்கள்

லஞ்சுக்கு முன்னால் ஜோஷ்வா அண்ணன் லைனுக்கு வந்தார். காண்ட்ராக்ட் பேப்பர். வரிசையில் நின்றோம். முன்னால் இருந்தவர்கள் போட்டுப் போட்டு நகர்ந்தார்கள். என் முறை. பென்சில் புள்ளி. மேலே வெள்ளை.

எனக்கு என்ன ஆச்சு? தெரியலை. இருபத்திநாலு வரி கண்ணு முன்னாடி வந்துச்சு. அதுல நான் இன்னா எழுதினேன்னு எனக்குத் தெரியும். அப்ப இதுல இவங்க இன்னா எழுதுவாங்க?

"அண்ணா, எழுதிட்டுக் குடுங்க. படிச்சிட்டுப் போடறேன்."

"இன்னா ஏஞ்சல், புதுசா கேக்கற? அஞ்சு வருசமா போட்டுகினுதான கீற?"

"ஆமாண்ணா. இன்னா எழுதிக்கீதுன்னு அஞ்சு வருசமா தெரியல."

"ராஜினாமா லெட்டரு, அவ்ளோதான். தேதி அவங்க போட்டுப்பாங்க. எல்லாருக்கும் இதான். கம்முனு போட்டுட்டுப் போ, லைனு நிக்கிது."

அவர் கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். நான் பேனாவை மேஜை மேல் வைத்தேன். "அப்ப ஓரமா நில்லு" என்றார். ஓரமாக நின்றேன். ஸ்நேகா என்னைப் பார்த்தாள், பேப்பரைப் பார்த்தாள், போட்டாள். அவள் மேல் ஒரு கோபமும் இல்லை, ஊரில் அவள் தம்பி படிக்கிறான்.

மூணு மணி வரை ஓரமாக நின்றேன். அப்புறம் வெளியே போகச் சொல்லி கேட் பாஸ் கொடுத்தார்கள். பஸ் கிடையாது, ஷேர் ஆட்டோவில் வந்தேன். பஸ்ஸில் வந்திருந்தால் யூனிபார்மைப் பார்த்துக்கொண்டே அழுதிருப்பேன். ஆட்டோவில் மீன் கூடைக்கும் ஒரு கல்யாணப் பார்ட்டிக்கும் நடுவில் அழ முடியவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "போடறதுக்கு இன்னா, கை தேஞ்சிடுமா?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான்.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் ஒன்பது பத்துக்கு லைப்ரரிக்குப் போனேன். இனி எனக்கு எந்த நேரமும் சரி. அந்த மூணு மணி நேரத்துக்காகவா இத்தனை ஆட்டம் ஆடினேன்!

சுப்பராயன் சார் ஃபேனுக்கு நேர்கீழே பேப்பரோடு இருந்தார். சாயங்காலம் ஆள் நெரிசல் என்பதால் இப்போதெல்லாம் காலையில் வருகிறாராம். பேப்பருக்கு மேலே பார்த்தார்.

"வேலைக்குப் போவல?"

"இல்ல சார். கையெழுத்து கேட்டாங்க, போடல."

"படிச்சுப் பாத்தியா?"

"எழுதவே இல்ல சார். எங்க படிக்கிறது?"

சார் பேப்பரை மடித்துவிட்டு நாற்காலியைத் தூக்கி ஓரமாகப் போட்டுக்கொண்டார். ஃபேனுக்குக் கீழே பாதி இடம் காலியானது. "உக்காரு. பரீட்சை எப்ப?" என்றார்.

"பன்னண்டாம் தேதி சார்."

இன்றைக்கு நாலு பாடம் முடிந்தது. பரீட்சைக்குப் பதினோரு நாள் இருக்கிறது. ஆறே காலுக்கு ஸ்நேகா வருவாள், கூட ரெண்டு பேரைக் கூட்டிவருகிறேன் என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். அந்த நேரத்தில் உட்கார இடம் கிடைக்காது. ஆறு மணிக்கு நான் எழுந்துவிடணும்.